உலகம் அழிஞ்சா மூணாறுக்கு வாங்க

பசங்க விளையாடுற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பத்தி இங்க கனடாவுல நம்ம பெற்றோர் மத்தியில ரெண்டு கட்சி. "பகடைய உருட்டி பொழுத வீணாக்குதுங்க"ன்னு ஒண்ணு. "கற்பனை வளருது, விடுங்க"ன்னு இன்னொண்ணு. நான் ரெண்டாவது கட்சி. என் சண்டையெல்லாம் பசங்க கட்டுற உலகத்தோடதான்.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. 1974ல அமெரிக்காவுல வந்த விளையாட்டு. டன்ஜன் மாஸ்டர்னு ஒருத்தர் கதைய நடத்துவார், மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரம். என் பொண்ணும் சிநேகிதங்களும் இப்ப உருவாக்குறது, உலகம் அழிஞ்சப்புறம் பிழைச்சுக் கிடக்குற கதை. வரைபடத்துல பனி, கோட்டை, ஓநாய். பிழைக்கிற வழி? வாள எடு, தானியக் கிடங்கப் பிடி, பக்கத்து ஊர்க்காரன வெட்டு.

ஏங்க, நம்ம பக்கம் உலகம் அழிஞ்சு ஜனங்க பிழைச்ச கதையே இல்லையா?

1924 ஜூலை. கொல்லம் ஆண்டு 1099, அதனால கேரளாவுல '99 வெள்ளம்'னு பேரு. அப்ப மூணாறுலேர்ந்து டாப் ஸ்டேஷனுக்கு சின்ன ரயில் ஓடுச்சு. அங்கேர்ந்து ரோப்வேயில தேயிலைப் பெட்டிங்க எங்க போடி பக்கம் கொட்டகுடிக்கு இறங்கும். அந்த மழையில ரயில் பாதையே போச்சு. திரும்ப ஓடவே இல்லை.

இந்த மலைய வச்சு விளையாட்டு கட்டுங்க. மூணே விதி போதும்.

முதல் விதி, அரிசிக் கணக்கு. மலை பூரா தேயிலை, ஆனா அதத் திங்க முடியாது. அரிசி கீழேர்ந்துதான் வரணும். பாலம் போன அன்னிக்கே பசி கணக்கு ஆரம்பம். அரிசி, உப்பு, காய்ஞ்ச விறகு... தினமும் எழுதணும்.

ரெண்டாவது, பாதைதான் ராஜா. பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளத்துக்கு வண்டியில போக, கேரளாக்காரங்களே தமிழ்நாட்டுக்குள்ள வந்து சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாத்தான் போகணும். மேப்புல எல்லை ஒரு பக்கம், பாதை ஒரு பக்கம். பக்கத்து ஊர்க்காரன வெட்டினா உங்க வாசல நீங்களே அடைச்சீங்கன்னு அர்த்தம் :-)

மூணாவதுதான் முக்கியம். அந்த மலைகள்ல வாழுற முதுவர்கள், மதுரையிலேர்ந்து பிள்ளைகளையும் சாமியையும் முதுகுல சுமந்து மலையேறினதா வழிவழியாச் சொல்றாங்க. ஊர விட்டு ஓடிவந்தவங்க தங்களுக்கு வச்சுக்கிட்ட பேருல வாள் இல்ல, முதுகு இருக்கு! அதனால ஒவ்வொரு பாத்திரமும் ஒருத்தரச் சுமக்கணும். கிழவியோ கைக்குழந்தையோ. இறக்கி வச்சா வேகமாப் போகலாம், ஆனா ஆட்டம் அங்கயே முடிஞ்சுது.

"செத்தவங்கள வச்சு விளையாட்டா?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில மண்சரிஞ்சு தேயிலைத் தொழிலாளர் லயங்கள் புதைஞ்சு 70 பேர் போனாங்க. பெரும்பாலும் நம்ம தமிழ் ஜனங்க. விடிஞ்சப்புறம்தான் வெளியுலகத்துக்கே சேதி தெரிஞ்சுது. அவங்க சாவ ஆட்டத்துல காட்சியா வைக்காதீங்க. ஆனா சேதி சொல்ல இருட்டுல ஓடுற ஒரு பாத்திரத்த வைங்க. பூதத்தக் கொல்றவன விட அவனுக்கு அதிகப் புள்ளி கொடுங்க.

ஒண்ணு மட்டும் வேண்டாம். முல்லைப்பெரியாறு உடைஞ்சு உலகம் அழியுதுன்னு ஆரம்பிக்காதீங்க. அந்தப் பயத்த வச்சு ரெண்டு பக்கமும் வேண்டிய அளவு அரசியல் பண்ணியாச்சு. 2011ல 'டேம் 999' படத்துக்குத் தமிழ்நாட்டுல தடையே வந்துச்சு. அணைக்குக் கீழ இருக்கிறவனுக்கு உயிர்ப்பயம், தேனிக்காரனுக்கு வயல். ரெண்டுமே நிஜம். பகடையில உருட்டுற விஷயமில்ல.

நம்ம பசங்க சாகசத்துக்கு இரவல் கோட்டை தேட வேண்டாம். இந்த வாரம் ஊருக்கு போன் போடுறப்ப பக்கத்துல உக்கார வச்சு ஒரே ஒரு கேள்வி கேக்கச் சொல்லுங்க: "அப்பத்தா, அடைமழைக்கு எத்தனை நாள் அரிசி எடுத்து வைப்பீங்க?" விதிப்புத்தகத்தோட முதல் பக்கம் அதுதான்.