60 பெர்சென்ட் அடைப்பா? நகையை எடுக்காதீங்க!

ஆலங்குடி, கறம்பக்குடி பக்கமிருந்து சிடி ஆஞ்சியோ ரிப்போர்ட்டோட ஓபிக்கு வர்றவங்க கேக்குறது ஒண்ணுதான்: "60 பெர்சென்ட் அடைப்பாம் சார், நகையை வச்சு ஸ்டென்ட் போட்டுடவா?"

அந்த பெர்சென்ட் குழாய் எவ்ளோ குறுகியிருக்குன்னு சொல்லும். ரத்தம் குறையுதான்னு சொல்லாது.

அதைச் சொல்றது எஃப்எஃப்ஆர். மெல்லிய வயர் விட்டு, அடைப்புக்கு அப்புறம் உள்ள பிரஷரை முன்னாடி உள்ள பிரஷரால வகுக்கணும். 0.80க்கு மேலன்னா பொதுவா மாத்திரை போதும். ஃபேம் ஆய்வுல 50-70% அடைப்புகளை இப்படி அளந்தாங்க. நிஜமாவே ஓட்டத்தைத் தடுத்தது நூத்துக்கு 35தான்!

வயரே இல்லாம, அதே சிடி படத்துல ரத்த ஓட்டத்தை கம்ப்யூட்டர்ல ஓடவிட்டு இந்தக் கணக்கைப் போடலாம். ஹார்ட்ஃப்ளோவுக்கு அமெரிக்க எஃப்டிஏ அனுமதி 2014லயே வந்தாச்சு. இங்க? மாஸ்டர் செக்கப் பேக்கேஜ்ல படம் மட்டும் எடுத்து, பயத்தை இலவசமா தர்றாங்க.

"ஓட்டம் குறையுதா, அளந்தீங்களா?"ன்னு கேளுங்க. கேட்டா கோவப்படுறாரா? ரிப்போர்ட்டை வாங்கிட்டு வேற டாக்டரைப் பாருங்க.

ஹார்ட் அட்டாக், இடது பிரதானக் குழாய் அடைப்புக்கு இதெல்லாம் பொருந்தாது. நெஞ்சை அழுத்துற வலி, வியர்வைன்னா த்ரெட் படிக்காம 108ஐக் கூப்பிடுங்க.