சிம்மாசனம் தப்பிச்ச கதை

பதிவு போட்டு ரெண்டு மாசம் ஆச்சு. மன்னிச்சுக்குங்க மக்களே, பர்மிய இலக்கணம் உயிரை வாங்குது.

போன வாரம் ஊர்லேர்ந்து நண்பன் ஒருத்தன் யாங்கோன் வந்திருந்தான். ஷ்வேடகோன் பார்த்த கையோட, பியே ரோட்டுல இருக்கற தேசிய அருங்காட்சியகத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். மண்டலே அரண்மனையோட சிம்மாசனம் அங்கதான் இருக்கு. (பர்மாக்காரங்க 'தீஹாதன'ன்னு சொல்றதும் நம்ம சிம்மாசனம்தான். 'ச' அவங்க வாயில 'த' ஆயிடும்.) அரண்மனையில எட்டு வகை சிம்மாசனம் இருந்துது. மிஞ்சினது இது ஒண்ணுதான். வெள்ளைக்காரன் 1902-ல கல்கத்தா அருங்காட்சியகத்துக்குக் கொண்டு போயிட்டான், சுதந்திரம் வந்ததும் 1948-ல திரும்பி வந்துது. மத்ததெல்லாம் 1945 மார்ச்சுல அரண்மனையோட எரிஞ்சு போச்சு.

கதையைக் கேட்டுட்டு நம்மாளு சொன்னான்: "நல்லவேளைடா, அவன் எடுத்துட்டுப் போனதால தப்பிச்சுது."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துது. இதே வசனத்தை நம்ம ஊர் சிலைகளுக்கும் சொல்றவங்க இருக்காங்களே!

சரி, அரண்மனை ஏன் எரிஞ்சுது? மிண்டோன் ராஜா 1857-ல ஆரம்பிச்சுக் கட்டினது. முழுக்கத் தேக்கு. சுத்தி பக்கத்துக்கு ரெண்டு கிலோமீட்டர் மதில், வெளியில அகழி, உள்ள தோட்டம், குளம், வாய்க்கால். அவர் மகன் தீபோ 1885 நவம்பர்ல வெள்ளைக்காரன் கிட்ட சரணடைஞ்சது அந்தத் தோட்டத்து மண்டபத்துலதான். ராஜாவை மாட்டு வண்டியில ஏத்தி, அப்புறம் கப்பல்ல ஏத்தி, கொஞ்ச மாசம் நம்ம சென்னையில வெச்சிருந்து, கடைசியில ரத்னகிரிக்கு அனுப்பிட்டாங்க. 1916-ல அங்கயே செத்தார்.

ராஜா போனதும் மதிலுக்குள்ள குடியிருந்த சனங்களைக் காலி பண்ணிட்டுப் பட்டாளத்தை வெச்சான். பேரும் டஃபரின் கோட்டைன்னு மாறிடுச்சு. அரண்மனைக்குள்ள துரைமாருக்கு கிளப்பு, ஜெபம் பண்ண சர்ச்சு! 1901-ல வந்த கர்சன் பிரபு ரெண்டையும் வெளியேத்தி, கட்டடத்தைப் பாதுகாக்கச் சொன்னார். அந்தப் புண்ணியம் அவருக்கு உண்டு, இல்லைங்கல. ஆனா பட்டாளம் போகல. கோட்டையா ஆனதாலதான் 1942-க்கு அப்புறம் ஜப்பான்காரனும் அங்கயே உக்காந்தான். அவன் உக்காந்ததாலதான் நேச நாட்டுப் படை குண்டு போட்டுது. வீட்டை வெடிமருந்துக் கிடங்கா மாத்திட்டு, 'நாற்காலியை மட்டும் காப்பாத்தினேன் பாரு'ன்னா என்ன நியாயம்?

காப்பாத்தறதுக்குக் கடல் தாண்டணும்னும் இல்லை. மிண்டோன் உயிர் விட்ட கட்டடத்துல அவர் ஆவி இருக்குன்னு பயந்து, தீபோ அதை அப்படியே பிரிச்சு மதிலுக்கு வெளியில மடமா கட்டிட்டார். ஷ்வேநண்டோ மடம். அந்த மரச் செதுக்கு வேலையைப் பார்த்தா வாய் அடைச்சுப் போகும். பேய் பயம் பண்ணின காரியம், கர்சன் ஆணையை விட உசத்தி :)

இப்ப கோட்டைக்குள்ள நிக்கறது 1990-கள்ல ராணுவ அரசு திரும்பக் கட்டினது. கான்கிரீட்டும் தகரக் கூரையும். கட்டாய உழைப்புல எழும்பினது. அதைப் பார்க்க எனக்கு மனசு வரல.

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் அரச நகைகளை 1964-ல திருப்பிக் கொடுத்தப்ப, பத்திரமா வெச்சிருந்ததுக்கு நன்றின்னு பர்மா அதுல ஒண்ணை, பறவை உருவத்துல செஞ்ச தங்க வெத்திலைச் செல்லத்தை, அவங்களுக்கே பரிசாக் கொடுத்துட்டுது. பெருந்தன்மையா, அப்பாவித்தனமா... சத்தியமா எனக்குப் பிடிபடல.

இவ்வளவையும் நண்பன் கிட்ட அங்கயே கொட்டினேன். கொஞ்ச நேரம் சிம்மாசனத்தையே பார்த்துட்டு இருந்தான். அப்புறம், "ராஜா எலும்பு இன்னும் ரத்னகிரியிலதான் இருக்கா?"ன்னு கேட்டான்.

அங்கதான் இருக்கு.