பிடிமண்ணும் பைஞ்சுதையும்

புரவியெடுப்பு நிகழும் ஊர்களில் வேளாரின் வேலை சூளையில் தொடங்குவதன்று, பிடிமண்ணில் தொடங்குவது. ஊரார் ஒரு பிடி மண்ணெடுத்து அவர் கையிற் கொடுப்பர். அவர் அதனை ஏற்றாற்றான் அவ்வாண்டு ஐயனார்க்குப் புரவி உண்டு. புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரைப் பக்கங்களில் இன்றும் வாழும் வழக்கம் இது. வனைகின்ற வேளாரே பல கோயில்களில் பூசாரியுமாவார்.

அப்புரவியை உற்று நோக்குமின்! கண்மாய்க் களிமண்ணோடு மணலும் உமியும் கூட்டி, மிதித்துப் பதமாக்கி, முதற்கண் நான்கு கால்களை உள்ளீடற்ற தூண்களாய் எழுப்புவர். அவை இறுகிய பின்னரே உடல் ஏறும். முந்தினாற் கால் நெளியும். பின்னர்க் கழுத்து, தலை, மணிமாலை. சூட்டில் ஆவி வெளியேற ஆங்காங்கே புழை விடுவர். ஆளுயரத்தை விஞ்சும் உருவை வெடிப்பின்றிச் சுட்டெடுக்கும் இவ்வறிவைக் 'குடிசைத்தொழில்' என ஒதுக்குவோரே, நகரத்துக் கடையில் 'டெரகோட்டா' என்று சீட்டொட்டிய பொம்மையைக் கண்டால் கலையென வியக்கின்றனர். சுடுமண் என்னும் சொல் இவர்க்கு என்ன குறை செய்ததோ!

1876-இல் யாகோர் என்னும் செருமானியர் ஆதிச்சநல்லூரில் அகழ்ந்து கண்ட தாழிகளும் இம்மரபின் முன்னோர் கைப்பட்டனவே. தாழி வனையும் குயவனை விளித்துப் பேசும் பாட்டுகள் புறநானூற்றில் உள.

இன்றோ, ஊர்தோறும் பைஞ்சுதைப் புரவிகள் எழுகின்றன. 'ஒருமுறை செலவிட்டால் என்றும் நிற்கும்' என்கின்றனர் திருப்பணிக் குழுவினர். நிற்கட்டும், ஆனால் மண்புரவி நிற்பதற்கென்று செய்யப்பட்டதன்று. மழையிற் கரைந்து, வேரிற் பிளந்து, அக்காட்டு மண்ணோடே கலப்பது அது. அழிந்தமையாற்றான் மீண்டும் நேர்ந்துகொண்டனர். மீண்டும் பிடிமண் கொடுத்தனர். மீண்டும் கண்மாயில் மண்ணெடுத்தனர். மண்ணெடுத்த இடத்தில் நீர் ஆழமாய் நின்றது. ஐயனார் ஏரிக்கரைக் காவலர் என்பது வெறும் பேச்சன்று. பைஞ்சுதைப் புரவி இத்தொடரை ஒரே அடியில் அறுக்கின்றது. வேளார்க்கு மறு எடுப்பில் வேலையில்லை. அவர் மகனுக்குக் கால்தூணின் பதமும் தெரியாது.

ஏரி, கண்மாய்களில் வண்டலும் களிமண்ணும் கட்டணமின்றி எடுக்க வட்டாட்சியரே இசைவளிக்கலாமென 2024-இல் தமிழக அரசு விதியைத் தளர்த்தியது. நன்று. மானாமதுரை மட்பாண்டத்திற்குப் புவிசார் குறியீடும் 2023-இல் கிடைத்தது. அதுவும் நன்றே. ஆயினும், மண் கிடைத்தும் வனையச் சொல்வார் இல்லையெனின் வேளார் யாது செய்வர்?

திருப்பணிக் குழுப் பெரியீர்! அடுத்த எடுப்பிற்குப் பணம் திரட்டுமுன், கொத்தனாரிடம் விலை கேட்குமுன், உங்கள் ஊர் வேளார் வீட்டிற்கு ஒரு பிடி மண்ணோடு செல்லுங்கள்.