ஈர மரத்துக்கு யார் பொறுப்பு?

குடிபுகுந்து ஒரு கோடை தாண்டுவதற்குள் புதுக் கதவின் பலகைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிகிறது. ஐப்பசி மழையில் அதே கதவு நிலையோடு இறுகிக்கொள்கிறது. வீட்டுக்காரர் ஆசாரியைக் கடிந்துகொள்கிறார். ஆசாரி மரவாடியைக் கைகாட்டுகிறார். மரவாடிக்காரரோ, "நாலு நாளில் வேண்டும் என்றால் எப்படிக் காய வைப்பது?" என்கிறார். மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆகவே மூவரும் சேர்ந்துதான் இதைத் தீர்க்கவும் முடியும்.

மரத்தில் நீர் செல்களின் உட்குழியிலும் இருக்கிறது, செல் சுவரிலும் இருக்கிறது. குழியில் உள்ள நீர் வற்றும்வரை எடைதான் குறையும், அளவு மாறாது. ஈரப்பதம் சுமார் 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கி, சுவர் நீர் வெளியேறும்போதுதான் மரம் சுருங்கத் தொடங்கும். நீளவாக்கில் அது பெயரளவுக்குத்தான். ஆனால் வளையத்தை ஒட்டிய திசையில், மையத்திலிருந்து பட்டை நோக்கிய திசையைவிட ஏறக்குறைய இரு மடங்கு சுருங்கும். பலகை கோணுவதற்கு இதுவே முக்கியக் காரணம். அதிகம் சுருங்காத மரம் என்று பெயரெடுத்த தேக்கிலேயே, வளையத்தை ஒட்டி அறுத்த பத்து அங்குலப் பச்சைப் பலகை நம் ஊர்க் காற்றுக்குப் பதமாகக் காய்வதற்குள் கால் அங்குலத்துக்கு மேல் குறுகிவிடும். எவ்வளவு தேர்ந்த கை இழைத்தாலும் அதைத் தடுக்க இயலாது.

ஈரத்தை அளப்பது பெரிய வித்தையல்ல. பலகையின் முனையை விட்டுச் சற்று உள்ளே ஒரு துண்டு வெட்டி எடை பார்க்கிறார்கள். பிறகு 103 டிகிரி செல்சியஸ் சூட்டில், எடை இறங்குவது நிற்கும்வரை உலர்த்துகிறார்கள். 150 கிராம் துண்டு 100 கிராமில் வந்து நின்றால் ஈரப்பதம் 50 விழுக்காடு. கடையிலேயே பார்க்க, ஊசி குத்தி அளக்கும் கைக்கருவி இருக்கிறது.

நம்மிடம் அறிவுக்குப் பஞ்சமில்லை. உலகெங்கும் பயன்பட்ட செம்பு-குரோம்-ஆர்செனிக் மரக்காப்பு மருந்தை 1933-இல் உருவாக்கியவர் டேராடூனில் ஆய்வு செய்த சோன்டி காமேசம். பூச்சியும் பூசணமும் எளிதில் பிடிக்கும் ரப்பர் மரத்தை, போரான் உப்பு ஏற்றிச் சூளையில் உலர்த்தி நல்ல மேசை நாற்காலி ஆக்க முடிந்ததும் ஆய்வின் பயனே. பெங்களூரில் மர அறிவியலுக்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது. மரத்தைப் பதப்படுத்தும் முறைக்கு ஐ.எஸ். 1141, எந்த வேலைக்கு எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்பதற்கு ஐ.எஸ். 287 என்று தரநிலைகளும் உண்டு. இவை மரவாடி வாசலைத் தாண்ட வேண்டும் என்பதே என் கவலை. விவசாயிகளை மலைவேம்பும் தேக்கும் நடச் சொல்கிறோம். இளம் வயதில் வெட்டும் மரத்தில் வைரம் குறைவு, வெள்ளை அதிகம். பதப்படுத்தாமல் விற்றால் அவர்கள் உழைப்பும் வீணாகும்.

வீடு கட்டுவோர் அஸ்திவாரம் போடும்போதே மரத்தை வாங்கி, ரீப்பர் இடைவிட்டு, நிழலில் காற்றோட்டமாக அடுக்கலாம். வெட்டு முனைகளில் பெயின்ட் பூசினால் வெடிப்பு குறையும். சிறு மரவாடிகள் தனித்தனியே உலர்சூளை கட்ட வசதிப்படாது. ஊருக்கு ஒன்றாகக் கூட்டாக அமைக்கலாம், அதற்குக் கடன் தர அரசு முன்வர வேண்டும். பள்ளி பெஞ்சுக்கும் விடுதிக் கதவுக்கும் ஒப்பந்தம் விடும் அதிகாரிகள், அளந்து பார்த்த பிறகே சரக்கை ஏற்க வேண்டும். பில்லில் கன அடிக்குப் பக்கத்தில் ஈரப்பதமும் எழுதப்படட்டும். அதை எழுதித் தரும் கடைக்காரர் கூடுதலாகக் கேட்கும் விலையை நாம் தயங்காமல் கொடுப்போம்.