வெள்ளை ஈயும் குட்டிக் குளவியும்

திருச்சியிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்து ஸ்ரீரங்கம் தீவுக்குள் செல்லும்போது தென்னந்தோப்புகளைச் சற்று நிமிர்ந்து பாருங்கள். கீழ்க் கீற்றுகள் கரி பூசியதுபோல் கறுத்திருந்தால், அது பெரும்பாலும் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈயின் வேலை.

மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த இப்பூச்சி, இந்தியாவில் முதன்முதலில் 2016ம் ஆண்டு பொள்ளாச்சியில் கண்டறியப்பட்டது. இலையின் அடிப்புறம் தங்கிச் சாறு உறிஞ்சி, இனிப்பான கழிவை வெளியேற்றுகிறது. அது விழும் இலைகளில் கரும்பூஞ்சாணம் படர்கிறது. தென்னையோடு வாழையும் வளரும் காவிரிக் கரையில் இது இரட்டை நட்டம். கறுத்த வாழையிலையை யார் விலைகொடுத்து வாங்குவார்?

கண்டவுடன் கால்கள் மருந்துக்கடைக்கே ஓடுகின்றன. ஆனால் வேளாண் அறிஞர்கள் பூச்சிக்கொல்லியைத் தவிர்க்கவே சொல்கிறார்கள். காரணம், என்கார்சியா என்னும் ஒட்டுண்ணிக் குளவி. நம்மைக் கொட்டாது, அளவோ ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். தாய்க்குளவி வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிடும். அதிலிருந்து வரும் புழு, குஞ்சை உள்ளிருந்தே தின்று வளர்ந்து, குளவியாகிக் கூட்டில் வட்டத் துளையிட்டு வெளியேறும். இதை யாரும் இறக்குமதி செய்யவில்லை. தானாகவே வந்து சேர்ந்தது. (அழையா விருந்தாளிகளிலும் நல்லவர் உண்டு போலும்!)

குளவியை நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு மரவள்ளி பதில் சொல்லும். ஆப்பிரிக்காவில் மரவள்ளி மாவுப்பூச்சியை 1980களில் பராகுவே நாட்டுக் குளவி ஒன்று அடக்கி, அக்கிழங்கை நம்பியிருந்த கோடிக்கணக்கான ஏழைகளைக் காத்தது. அதே மாவுப்பூச்சி 2020ல் கேரளத்தின் திருச்சூரில் கண்டறியப்பட்டு, தமிழகத்துக்கும் பரவியது. உடனே அக்குளவி பெனின் நாட்டிலிருந்து வரவழைக்கப்பட்டு, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விடப்பட்டது.

ஆகவே, சிக்கல் குளவியிடம் இல்லை. மருந்துக்கு விற்பனையாளர் உண்டு. தோப்பில் தானாகப் பெருகும் குளவிக்கு யார் இருக்கிறார்? குளவிக்கு வேலியும் தெரியாது. ஒருவர் பொறுத்திருக்க, பக்கத்துத் தோப்பில் மருந்தடித்தால் இருவருக்குமான குளவிகள் மடியும். அது பெருகுவதற்கோ வாரக்கணக்கில் ஆகும். சொந்த நிலக்காரர் காத்திருக்கலாம். கடன் வாங்கி, ஓராண்டுக் குத்தகையில் வாழை போட்டவர் எப்படிக் காத்திருப்பார்? அவரை அவசரக்காரர் என்று குறை சொல்வது எளிது. அந்த இடைக்கால இழப்பில் யாராவது பங்கேற்காதவரை, அவர் மருந்துக் குப்பியைத்தான் எடுப்பார்.

ஒட்டுண்ணி தாக்கிய கூடுகள் உள்ள கீற்றுத் துண்டுகளை வெட்டி, புதிதாகத் தாக்குதல் தொடங்கிய மரங்களில் வைப்பதே குளவியைப் பரப்பும் வழி. துளை விழுந்த கூட்டிலிருந்து குளவி பறந்துவிட்டது. துளை விழாத கூடே தேவை. அடையாளம் தெரியாத தோப்புக்காரர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து, சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையத்துக்கு ஒரு கீற்றை எடுத்துச் சென்று கேட்கலாம்.