இணையப் பரிசுப் போட்டிகள்: "அவருக்குக் கிடைத்தது" என்பது ஆதாரமாகுமா?

கல்பிட்டி, நுரைச்சோலை, பாலாவி, புத்தளம், சிலாபம் என்று நமது கரையோர ஊர்களின் வட்ஸ்அப் குழுமங்களில், ஜனாஸா அறிவித்தலுக்கும் பள்ளிவாசல் நிர்வாகத்தின் தகவலுக்கும் இடையே இன்னொரு வகைச் செய்தியும் விடாமல் வந்துகொண்டிருக்கிறது. பிரபல நிறுவனமொன்றின் ஆண்டு நிறைவுப் பரிசு, நான்கு கேள்விகளுக்கு விடை சொன்னால் கைத்தொலைபேசி, சக்கரத்தைச் சுழற்றினால் பணம், இருபது பேருக்குப் பகிர்ந்தால் பரிசு உறுதி. இதைப் பார்த்ததும் நம்மில் பலர் கேட்பது, "யாருக்காவது கிடைத்திருக்கிறதா?" என்றுதான். "ஆம், இன்னாரின் மகனுக்குக் கிடைத்ததாம்" என்று பதில் வந்துவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடுகிறது.

உண்மையில் சந்தேகம் தொடங்க வேண்டிய இடம் அதுதான். ஏனெனில் முதலில் சிலருக்குப் பணம் கொடுப்பது மோசடிக்காரர்களின் தூண்டில் இரை. மீன்பிடித் தொழில் தெரிந்த நமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

2024 ஜூன் இறுதியில் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் மடிவெல, பத்தரமுல்ல, நீர்கொழும்பு ஆகிய இடங்களில் நடத்திய சுற்றிவளைப்புகளில் 60 இந்தியப் பிரஜைகள் வரை சந்தேகத்தின் பேரில் கைது செய்யப்பட்டனர். நூற்றுக்கு மேற்பட்ட கைத்தொலைபேசிகளும் ஐம்பதுக்கு மேற்பட்ட மடிக்கணினிகளும் கைப்பற்றப்பட்டன. இதற்கு வழிவகுத்தது பாதிக்கப்பட்ட ஒருவரின் முறைப்பாடு. சமூக ஊடகங்களில் செய்யும் சிறு வேலைகளுக்குப் பணம் தருவதாகக் கூறி அவர் ஒரு வட்ஸ்அப் குழுமத்தில் சேர்க்கப்பட்டிருந்தார். முதலில் கொஞ்சம் பணம் வந்தது. அதன் பிறகு பணத்தை வைப்பிலிடும்படி நெருக்குதல் தொடங்கியது. நமது மாவட்டத்தின் தெற்கெல்லையான மஹா ஓயாவைத் தாண்டினால் வரும் ஊர்தான் நீர்கொழும்பு.

அதற்கு முந்திய ஆண்டு நடந்ததும் நினைவிருக்கும். எம்.ரி.எஃப்.ஈ. என்ற செயலி 2023 ஓகஸ்ட்டில் திடீரெனச் சரிந்தது. இலங்கை, பங்களாதேஷ், நைஜீரியா ஆகிய நாடுகளில் ஏராளமானோர் பணத்தை இழந்தனர். பலரின் கணக்கில் மீதி பூச்சியத்துக்கும் கீழே போய், அவர்களே கடன்பட்டவர்கள்போலக் காட்டப்பட்டது. எம்.ரி.எஃப்.ஈ., ஒன்மெக்ஸ் டிடி, ஸ்போர்ட்ஸ் செயின் போன்றவற்றை இலங்கை மத்திய வங்கி தடைசெய்யப்பட்ட திட்டங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இவை பரிசுப் போட்டிகள் அல்ல என்பது உண்மை. ஆனால் "முதலில் சேர்ந்தவருக்குக் கிடைத்தது" என்ற அதே சாட்சியத்தை வைத்துத்தான் இவையும் ஊர் ஊராகப் பரவின.

அப்படியானால் ஒரு பரிசுத் தளத்தை எப்படிச் சோதிப்பது?

முதலாவது, பணம் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். பரிசு பெறுபவர் பணம் கட்டத் தேவையில்லை. "பதிவுக் கட்டணம்", "சுங்க வரி", "கணக்கைத் திறந்துவிடும் கட்டணம்" என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வெற்றிப் பணத்துக்கு வரி இருந்தால் அது பரிசிலிருந்தே கழிக்கப்படும். தனிநபர் ஒருவரின் வங்கிக் கணக்குக்கு முன்கூட்டி அனுப்பும்படி எவரும் கேட்கமாட்டார்கள். நீங்கள் கலந்துகொள்ளாத குலுக்கலில் உங்களுக்குப் பரிசு விழவும் முடியாது.

இரண்டாவது, தளத்தின் முகவரியை வாசியுங்கள். பிரபல நிறுவனத்தின் பெயர் முகவரியில் எங்காவது இருந்தால் மட்டும் போதாது. முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் இருக்கும் பகுதியே தளத்தின் உண்மையான உரிமையாளரைக் காட்டும். முகவரிக்குப் பக்கத்தில் உள்ள பூட்டுச் சின்னத்தைப் பார்த்துப் பலர் நம்பிவிடுகிறார்கள். இடையில் வேறு யாரும் வாசிக்க முடியாது என்பதற்கே அந்தப் பூட்டு. மறுமுனையில் இருப்பவர் நேர்மையானவர் என்பதற்கு அல்ல. தளத்தின் பெயர் எப்போது பதிவானது என்பதை "ஹூ இஸ்" தேடலில் இலவசமாகப் பார்க்கலாம். முப்பது வருட நிறுவனத்தின் பரிசுத் தளம் போன வாரம் பதிவாகியிருந்தால், வேறு விளக்கம் தேவையில்லை.

மூன்றாவது, பதில் சொல்லக்கூடிய ஒருவர் இந்நாட்டில் இருக்கிறாரா? போட்டி விதிமுறைகள், முடிவுத் திகதி, காரியாலய முகவரி, நிலையான தொலைபேசி இலக்கம் இருக்க வேண்டும். செய்தியில் உள்ள இலக்கத்தை விட்டுவிட்டு, அந்த நிறுவனத்தின் வழமையான இலக்கத்துக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள். கம்பனிப் பதிவுச் சான்றிதழைக் காட்டினாலும் மயங்க வேண்டாம். பதிவு வேறு, பொதுமக்களிடம் பணம் திரட்டும் அனுமதி வேறு.

நான்காவது, உங்களிடம் என்ன கேட்கிறார்கள்? தேசிய அடையாள அட்டையின் படம், வங்கி அட்டை இலக்கம், கைத்தொலைபேசிக்கு வரும் ஓ.டி.பி. இலக்கம் ஆகியவற்றில் ஒன்றைக் கேட்டாலும் அங்கே பரிசு என்பது நீங்கள்தான்.

நமக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. தளம் உண்மையானதாகவே இருந்து, சொன்னபடி பரிசையும் கொடுத்தால் அதில் சேரலாமா? எல்லோரும் கட்டணம் கட்டி, அந்தப் பணத்திலிருந்து அதிர்ஷ்டத்தால் ஒருவருக்குப் பரிசு போகுமானால், அது சூரா அல்மாயிதாவின் 90ஆவது வசனம் விலக்கிய சூதாட்டத்தின் வரையறைக்குள் வருகிறது. தளம் நம்பகமானது என்பதால் மட்டும் அது ஹலாலாகிவிடாது. சந்தேகமிருப்பவர்கள் தமது ஊர் உலமாக்களிடம் கேட்டுத் தெளிவுபெறலாம்.

நமது கரையோரத்தின் வருமானம் நிலையற்றது. சோழகக் காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்தால் வள்ளம் கரையில்தான். அகால மழை பெய்தால் உப்பு கரைந்துவிடும். வெங்காய விலை இறங்கினால் கல்பிட்டி விவசாயி கடனாளி. வெளிநாட்டில் வீட்டு வேலை செய்யும் தாய் அனுப்பும் பணத்தில் ஓடும் குடும்பங்களும் ஏராளம். இப்படியான வீடுகளில் ஓர் இழப்பு என்பது ஒரு மாதத்துச் சாப்பாடாகவே இருக்கலாம். அதனால்தான் பேராசை என்று சொல்லி, ஏமாந்தவரைப் பரிகசிப்பது தவறு. வெட்கத்தில் அவர் வாயை மூடிக்கொண்டால், அதே தூண்டிலில் அடுத்த வீடும் மாட்டும்.

இங்கே பகிர்பவரின் பொறுப்பு பெரிது. முகம் தெரியாதவன் அனுப்பினால் அழித்துவிடுவோம். மச்சான் அனுப்பினால், மத்ரஸா ஆசிரியை அனுப்பினால் நம்புவோம். மோசடிக்காரன் திருடுவது அந்த நம்பிக்கையைத்தான். வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவு, ஆட்சேர்ப்பிலும் சேர்ந்தவர்களின் பணத்திலும் தங்கியிருக்கும் திட்டங்களை நடத்துவதை மட்டுமல்ல, அவற்றை விளம்பரப்படுத்துவதையும் ஊக்குவிப்பதையும் குற்றமாக்குகிறது. "எனக்கு வந்ததை அனுப்பினேன்" என்ற பதில் சட்டத்தின் முன் எப்போதும் காப்பாற்றாது. இளைஞர்கள் சிறு தொகைக்காகத் தமது வங்கிக் கணக்கை அறியாதவர்களுக்குக் கொடுப்பதும் அப்படித்தான். பொலிஸார் முதலில் தேடி வருவது கணக்கின் உரிமையாளரையே.

ஏற்கனவே பணம் போயிருந்தால் முதலில் வங்கிக்கு அழைத்து அட்டையையும் கணக்கையும் முடக்குங்கள். செய்திகளையும் பணம் அனுப்பிய பற்றுச்சீட்டையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு பொலிஸில் முறையிடுங்கள். ஸ்ரீ லங்கா சேர்ட் நிறுவனத்தின் 101 இலக்கத்தில் ஆலோசனை பெறலாம். நிதித் திட்டங்கள் பற்றி மத்திய வங்கியின் 1935 இலக்கத்தில் கேட்கலாம். "இழந்த பணத்தை மீட்டுத் தருகிறேன், கட்டணம் அனுப்புங்கள்" என்று அடுத்து வருபவன், அதே மோசடியின் இரண்டாவது வலை.

பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஊர்ச் சங்கங்களும் தமது குழுமங்களில் ஒரு விதியை வைக்கலாம்: பரிசு, முதலீடு, இலகு வருமானம் பற்றிய எந்த லிங்க்கும் நிர்வாகி ஒருவர் சரிபார்க்காமல் பகிரப்படக் கூடாது. இதற்குச் செலவு எதுவுமில்லை. ஒரு குடும்பத்தின் ஒரு மாதச் சாப்பாட்டை அது காப்பாற்றினாலும் போதும்.