‘கிளிப்பிங்’ இரைச்சலும் காரணப்பெயரின் தேவையும்

முன்னுரை

அறிவியல் தமிழில் ஒரு கலைச்சொல் பிழைபடும்போது அதன் கேடு நடைக்குறையோடு நின்றுவிடுவதில்லை. அச்சொல்லைக் கொண்டு சிந்திப்பவர் காரணத்தைத் தவறான இடத்தில் தேடவும் நேரிடுகிறது. ஈர்ப்பலைகளை அளக்கும் லைகோ குறுக்கீட்டுமானி போன்ற கருவிகளில் எழும் ‘கிளிப்பிங்’ இரைச்சல் இதற்குத் தக்க சான்றாகும். அமெரிக்காவின் ஹான்போர்டு, லிவிங்ஸ்டன் ஆகிய இடங்களில் 4 கி.மீ. நீளக் கைகளுடன் அமைந்த லைகோ, 2015 செப்டம்பர் 14 அன்று முதன்முதலாக ஈர்ப்பலையைப் பதிவு செய்தது. புரோட்டானின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவிலான நீளமாற்றத்தை உணரும் கருவியில் மிகச்சிறு ஒளியிழப்பும் பொருட்படுத்தத்தக்கது.

இரைச்சலின் இயல்பு

லேசர் கற்றைக்குக் கூரிய எல்லை இல்லை. அது நடுவில் செறிந்து விளிம்பு நோக்கிப் படிப்படியாக மங்குகிறது. செறிவு நடுப்பகுதியின் 13.5 விழுக்காடாகக் குறையும் தொலைவே கற்றையின் ஆரம் எனக் கொள்ளப்படுகிறது. அதே ஆரமுடைய துளை 13.5 விழுக்காடு ஒளியைத் தடுக்கும். துளையின் ஆரம் ஒன்றரை மடங்கானால் இழப்பு 1.1 விழுக்காடு, இரு மடங்கானால் 0.03 விழுக்காடு.

கற்றை துளையின் நடுவே செல்லும்போது சிறு அசைவு ஒளியளவைப் பெரிதும் மாற்றாது. ஒரு பக்கம் ஒதுங்கிச் செல்லுமாயின் ஆடியின் ஒவ்வொரு நடுக்கமும் உணரியில் ஒளியளவின் ஏற்ற இறக்கமாகப் பதிவாகும். மேலும், தடுக்கப்பட்ட ஒளியில் ஒரு பகுதி தடுத்த பரப்பிலிருந்து சிதறி முதன்மைக் கற்றையோடு மீண்டும் சேர்கிறது. அப்பரப்பின் அதிர்வையும் உடன் சுமந்து வருகிறது. ஆக, ஒரு காரணத்திலிருந்து இருவகை இரைச்சல் பிறக்கிறது.

கண்டறியும் முறை

முதலில் ஒளியைப் பிரித்து இரண்டு உணரிகளில் ஒப்பிடுவர். இரைச்சல் ஒன்றில் மட்டும் தோன்றினால், பிழை பிரிவுக்குப் பிந்தைய பாதையில் உள்ளது என்பது தெளிவு. அடுத்து, ஐயத்திற்குரிய பகுதியை வேண்டுமென்றே அதிரச் செய்வர். அதிர்வு இரட்டிக்கும்போது அதே அதிர்வெண்ணில் இரைச்சலும் இரட்டித்தால் அது நேரடி ஒளியிழப்பைச் சுட்டும். சிதறிய ஒளியாயின், பரப்பின் அசைவு லேசரின் அலைநீளமாகிய 1064 நானோமீட்டரை ஒத்தோ மிகுந்தோ அமையும்போது இரைச்சல் உயர் அதிர்வெண்களுக்குப் பரவும். இறுதியாகக் கற்றையைச் சற்றே நகர்த்துவர்; அதனால் இரைச்சல் குறையுமாயின் தடுக்கும் விளிம்பு எப்பக்கம் உள்ளது என்பது புலப்படும்.

சொல்லும் பொருளும்

மின்னணுவியலிலும் ‘கிளிப்பிங்’ உண்டு. அங்கு அது பெருக்கியின் எல்லையைக் கடந்த குறிப்பலையின் உச்சி தட்டையாவதைக் குறிக்கும். இரண்டையும் ‘வெட்டு’ என ஒரே சொல்லால் பெயர்த்தால், தமிழ்வழிப் பயிலும் மாணவர் ஆடியில் தேட வேண்டிய குறையைப் பெருக்கியில் தேடுவார். பெயர்களை இடுகுறி, காரணம் எனப் பகுக்கும் நன்னூல் மரபு இங்கு வழிகாட்டுகிறது. ஒளியியலில் நிகழ்வதை ‘விளிம்பு மறைப்பு’ என்றும், மின்னணுவியலில் நிகழ்வதை ‘உச்சித் துணிப்பு’ என்றும் வழங்கலாம். முன்னது கற்றையின் எப்பகுதி இழக்கப்படுகிறது என்பதைச் சொல்லிலேயே காட்டுகிறது. பின்னது அலையின் எப்பகுதி சிதைகிறது என்பதை உணர்த்துகிறது.

உலகளாவிய ஆய்வுத் தொடர்புக்கு ஒலிபெயர்ப்பே போதுமானது என்ற வாதம் முற்றிலும் தள்ளத்தக்கதன்று. ஆங்கிலக் கட்டுரையைப் படிப்பவருக்கு மூலச்சொல் தெரிந்திருக்கவே வேண்டும். ஆயினும் ஒலிபெயர்ப்பு தமிழில் இடுகுறியாகவே நிற்கும். ஆங்கிலத்தில் உள்ள பொருள் மயக்கத்தையும் அப்படியே கொண்டுவரும். மூலச்சொல்லை அறிவதும் காரணப்பெயரால் சிந்திப்பதும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல.

முடிவுரை

மகாராட்டிரத்தின் இங்கோலி மாவட்டத்தில் லைகோ-இந்தியா அமைய 2023இல் ஒன்றிய அமைச்சரவை இசைவளித்துள்ளது. இத்துறை குறித்துத் தமிழில் எழுத வேண்டிய தேவை இனிப் பெருகும். அகரமுதலிப் பொருளை மட்டும் கொண்டு சொல்லாக்கும் வழக்கம் இதற்குப் போதாது. ஒரு நிகழ்வு கருவியில் எவ்வாறு கண்டறியப்படுகிறது என்பதை அறிந்த பின்னரே அதற்குப் பெயரிட வேண்டும். தமிழாய்வாளரும் இயற்பியலாளரும் ஒருங்கே அமர்ந்து செய்ய வேண்டிய பணி இது.